கோபுரம் இல்லாத சாமிகளுக்குப் பூட்டு

ஐந்தாம் கோட்டையின் மாமன்னர், எண்திசை வென்றவர், மும்முடி தரித்தவர், ராஜாதிராஜ ராஜராஜ பூபதி, பெரம்பலூர் நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தமது டைல்ஸ் கடையில், விற்பனைக்கு வைத்திருந்த வெஸ்டர்ன் டாய்லெட் ஒன்றின் மூடிமேல் உட்கார்ந்துகொண்டுதான் அந்த ஆணையைப் பிறப்பித்தார். பீங்கானைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் இன்னும் பிரிக்கவில்லை. இந்த அரியணை விவரம் சுமதிக்குப் பிறகுதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் அன்று வந்த கோபத்தில் பாதி சிரிப்பாகப் போயிருக்கும். நல்லவேளை, தெரியவில்லை. அந்தக் கோபம் அவளுக்கு முழுசாகவே வேண்டியிருந்தது.

ஆணை போனில் வந்து விழுந்தபோது அவள் அரியலூரில், தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில், ஒரு பெரியவரின் முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். மேசைமேல் கிடந்த போன் ஒளிர்ந்தது. ஓரக்கண்ணால் படித்தாள்.

"நாட்டின் அமைதியையும் பொதுமக்கள் நலனையும் முன்னிட்டு, கோபுரம் இல்லாத கோவில்கள் அனைத்தும் இன்று முதல் முத்திரையிடப்படுகின்றன. இது எந்தத் தெய்வத்துக்கும் எதிரானது அல்ல. — பூபதி."

"என்னம்மா, ஊசியக் கையில வெச்சிக்கிட்டு போன முறைக்கிற?" என்றார் பெரியவர். "எதாருந்தாலும் போன்ல குத்து. எனக்கு வேணாம்."

"கைய மடக்குங்க, ஒண்ணும் ஆவாது" என்றாள் சுமதி. ஒன்றும் ஆகவும் இல்லை. அவள் கை நடுங்குகிற ஜாதி இல்லை. உள்ளே மட்டும் ஏதோ கொதித்து மூடியைத் தள்ளியது.

ஏழுகோட்டை என்பது போனில் ஆடுகிற விளையாட்டு. அதில் டிராகன் உண்டு, மந்திரவாதி உண்டு, பறக்கிற யானைகூட உண்டு. ஆனால் டிராகனைக் கொல்வதில் நம் ஆட்கள் பெரிய அக்கறை காட்டியதில்லை. கொன்றுவிட்டு வந்தவனுக்கு முதல் மாலையை யார் போடுவது என்பதில்தான் அக்கறை. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்து ஆட்டக்காரர்களையும் கம்பெனிக்காரன் ஐந்தாம் கோட்டையில் சேர்த்து அடைத்திருந்தான். ஊரில் சேர்ந்து ஒரு டீக்கடை பெஞ்சில் உட்காராதவர்கள் எல்லாம் கோட்டைக்குள் பக்கத்துப் பக்கத்து வீடு.

ஆட்டத்தின் விதி எளிது. பருவத்தின் கடைசி நாள் ஓட்டுப் போட்டு அரசனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓட்டு வேண்டுமென்றால் ஏதாவது ஒரு கோவிலில் குடியாகப் பதிந்திருக்க வேண்டும். அந்தக் கோவில் வாசலில் நின்றுதான் ஓட்டு. கோவிலை ஆட்டக்காரர்களே கட்டிக்கொள்ளலாம். சாமியையும் அவர்களே படைத்துக்கொள்ளலாம். ஆனால் அதே கடைசி நாள், விளக்கு வைக்கும் நேரத்துக்குள், அந்தச் சாமிக்கு விளக்கேற்றியாக வேண்டும். ஏற்றாத சாமி அணைந்துவிடும். அணைந்த சாமி திரும்ப வராது. அரசனுக்குப் பருவத்துக்கு ஒரே ஓர் ஆணை. அதில் ஒரு சொல்லைக்கூடத் திருத்த முடியாது. வேண்டுமானால் முழுசாகத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

சுமதி படைத்த சாமியின் பெயர் பள்ளத்தாள். டிராகன் வயலைக் கொளுத்திவிட்டுப் போன பிறகு, பள்ளத்துப் பக்கம் குடியிருக்கிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து தருகிறவள். வேறு சக்தி கிடையாது. வாளில்லை, சிங்கமில்லை, வேப்பமரத்தடியில் கறுத்த கல்லாக உட்கார்ந்திருப்பாள். அவளிடம் என்ன கண்டார்களோ, நர்சுகள், லாரி டிரைவர்கள், சிமெண்டு ஆலைக்குப் போகிற ஒப்பந்தக் கூலிகள், செட்டிகுளத்தில் வெங்காயம் தரம் பிரிக்கிற பெண்கள் என்று ஒவ்வொருவராக வந்து பதிந்தார்கள். மூன்றாவது பருவத்தில் கோட்டையிலேயே அதிகக் குடி உள்ள கோவில் பள்ளத்தாளுடையது. இந்தத் தடவை அவர்கள் சார்பாக அரசனுக்கு நிற்பவன் வீரமணி, சுமதியின் சின்னம்மா மகன், பஸ் ஸ்டாண்டு ஷேர் ஆட்டோக்காரன்.

பூபதிக்குச் சாமி பயம் கிடையாது. எண்ணத் தெரியும். அதனால்தான் ஆணை.

கோபுரம் உள்ள கோவில் ஐந்தாம் கோட்டையில் ஒன்றே ஒன்று. பேரொளிப் பெருங்கோவில். அதன் தர்மகர்த்தா யார் என்று கேட்பவர்கள் மேலே முதல் வரியைத் திரும்பப் படிக்கலாம். பூட்டப்பட்ட கோவிலின் குடிகள் அங்கே மாறிக்கொள்ளலாம் என்று கருணையோடு அறிவித்திருந்தார். வீரமணி உடனே மனுப் போட்டான். "தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. எல்லோருக்கும் அதே பதில்தான் வந்தது.

"அக்கா, இதென்ன நம்மூரு ஆபீஸ் மாரியே பேசுது?" என்று போனில் கத்தினான் வீரமணி. "டிராகன் ஒலகத்துலயும் பரிசீலனையா?"

சுமதி மனசுக்குள் ஆணையைத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். அவளுக்கு அந்த ஆணையின் வாசகம் புதிதல்ல. இதே வரிகளை அவள் ஒரு தடவை காகிதத்தில், அரக்கு முத்திரையோடு, ஒரு இரும்புக் கிராதிக் கதவில் ஒட்டியிருக்கப் பார்த்திருக்கிறாள்.

ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம், முந்திரிக்காட்டு ஓரமாக இருக்கிறது அவள் ஊர். அங்கே ஏரிக்குக் கீழே நிஜமான பள்ளத்தாள் உண்டு. இரண்டு வருசத்துக்கு முன்னால் கீழத்தெருக்காரர்கள், எங்கள் சாமி மேலத்தெரு வழியாக ஊர்வலம் போகட்டுமே என்று கேட்டார்கள். கல்லெறியவில்லை, கொளுத்தவில்லை. கேட்டார்கள். கல் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. உடனே சமாதானக் கூட்டம் போட்டார்கள். கல்லெறிந்தவர்களுக்கு நாற்காலி, எறிபட்டவர்களுக்குத் தரை. ஒரு அதிகாரி வந்து இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்து, கைகூப்பி, "ஒங்க சாமிக்கு நாங்க எதிரி இல்லம்மா. அமைதிதான் முக்கியம்" என்று சொல்லி, பள்ளத்தாள் கோவிலைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டுப் போனார். அமைதி உள்ளே பத்திரமாக இருக்கிறது. இன்னும் வெளியே வரவில்லை.

சுமதியின் அம்மா ஆண்டாயி, வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கதவுக்கு வெளியே தரையில் அகல் வைத்துவிட்டு வருகிறாள். கிராதி இடுக்கில் பார்த்தால் கல்லின் ஒரு தோள் மட்டும் தெரியும். அந்தத் தோளைத்தான் அவள் கும்பிடுகிறாள். சுமதிக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பார்க்கச் சகியாமல்தான் போனுக்குள் ஒரு பள்ளத்தாளைச் செய்தாள். அங்கே கதவே வைக்கவில்லை. இப்போது அங்கேயும் ஒருவன் பூட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். பருவத்தின் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கிற நேரம் தாண்டினால் அவளும் போய்விடுவாள். இந்தத் தடவை தோள்கூட மிஞ்சாது.

சனிக்கிழமை பூபதியிடமிருந்து இன்னொரு அறிவிப்பு வந்தது. பருவத்தின் கடைசி நாளை முன்னிட்டு, பாதிக்கப்பட்ட குடிகளின் குறை கேட்க, ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமன்னர் நேரிலேயே அமைதிக் கூட்டம் நடத்துவார். இடம்: டைல்ஸ் கடை மாடி. தேநீர் உண்டு.

"போவாத அக்கா" என்றான் வீரமணி. "கூப்ட்டு ஒக்கார வெச்சி நாலு போட்டோ எடுத்து, பேச்சுவார்த்தை நடந்துச்சின்னு போட்டுருவான்."

"போட்டோவுல என் மூஞ்சி எப்புடி இருக்குதுன்னு அவனும் பாக்கட்டும். நீ வண்டிய நிறுத்திட்டு வா."

அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போனார்கள். சிமெண்டு லாரிகள் கிளப்பிய புழுதி ஜன்னல் வழியாக வந்து எல்லோர் தலையிலும் சமமாகப் படிந்தது. அந்தப் பாதையில் சமத்துவம் என்று சொல்லிக்கொள்ள அதுதான் உண்டு.

கடை பெரிய கடைதான். வாசலில் செயற்கை நீரூற்று. உள்ளே வரிசையாக வாஷ்பேசின்களும் டாய்லெட்டுகளும், அமைச்சரவை போல. அதில் ஒன்றின் மூடிமேல், காலைப் பரப்பிக்கொண்டு, வெள்ளைச் சட்டையும் சந்தனப்பொட்டுமாக உட்கார்ந்திருந்தார் ராஜராஜ பூபதி என்கிற ராஜராஜன். நாற்பதைத் தாண்டிய ஆள். உடையார்பாளையம் பக்கத்து நிலக்காரக் குடும்பம். தாத்தா காலத்துச் சொத்தையும் தானே வென்ற நாடு போலப் பேசுகிறவர். இரண்டு பேர் எதிரே நின்று அவரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க, வாங்க தங்கச்சி. இங்க ஒக்காந்துதாம்மா நான் யோசிக்கிறது. ஆணை எல்லாம் இங்கருந்துதான்" என்றார்.

"யோசனை வெளிய வர்றதுக்கு நல்ல எடந்தான் சார்" என்றாள் சுமதி.

வீரமணி வாயைப் பொத்திக்கொண்டு ஒரு வாஷ்பேசின் பக்கம் திரும்பினான். ராஜராஜனுக்குப் புரியவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டு மாடிக்கு நடந்தார்.

மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முன்வரிசை நாற்காலிகளுக்கு மட்டும் துணி உறை. அதில் ராஜராஜனின் பெரியப்பா மகன் முத்தமிழ்செல்வன், சித்தப்பா பிச்சைமுத்து, இன்னும் பங்காளிகள் ஆறேழு பேர். பருவம் பூராவும் கோட்டைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள். கடைசி நாளில் ஓட்டுப் போட மட்டும் உள்ளே வருகிறவர்கள். மத்தியானச் சாப்பாடு இங்கேயே என்று சொல்லியிருந்ததால் சீக்கிரமே வந்துவிட்டார்கள்.

ராஜராஜன் மைக் பிடித்தார். இருபது பேருக்கு மைக்.

"நம்ம கோட்டை, வீரம் வெளஞ்ச பூமி. நமக்குன்னு ஒரு பாரம்பரியம் இருக்கு. கோபுரம்னா என்ன? வானத்த நோக்கி நீண்ட கை! கோபுரம் இல்லாத எடத்துல ஒழுங்கு எங்க இருக்கும்? வரைமுறை எங்க இருக்கும்? அவங்க அவங்க ஒரு கல்ல நட்டு சாமிங்கறது, நாலு பேரு கூடுறது, நாளைக்கி சண்டை வந்தா யாரு பொறுப்பு?" அங்கே நிறுத்தி, சுமதியைப் பார்த்து, இரண்டு கையையும் கூப்பினார். "ஒங்க சாமிக்கு நாங்க எதிரி இல்லம்மா. அமைதிதான் முக்கியம்."

சுமதி நிமிர்ந்து பார்த்தாள். அதே சொல், அதே வரிசை, அந்த 'ம்மா' என்கிற இழுப்பு, அந்தக் கூப்பிய கை. இவர்களுக்கெல்லாம் எங்காவது டியூஷன் நடத்துகிறார்களா? ரத்தம் எல்லோருக்கும் ஒரே நிறம் என்று மேடையில் பேசுகிறவர்கள் யாரும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில்லை. தினமும் எடுக்கிறவளுக்குத் தெரியும், அதில் பலவிதம் உண்டு. ஆனால் இந்தப் பேச்சு மட்டும் எவன் வாயைத் திறந்தாலும் ஒரே நிறத்தில் வருகிறது.

எழுந்தாள்.

"சண்டை எங்க சார் நடந்துச்சி?"

"நடக்கலம்மா. நடந்துறக் கூடாதுன்னுதான்."

"எங்க கோவில்ல யாரும் யாரையும் அடிக்கல. வெளக்கு வெக்கிறோம், தண்ணி பிரிச்சிக் குடுக்குறோம். ஒங்க பெருங்கோவில்லதான் முதல் மாலைக்குப் போன பருவம் ரெண்டு பேரு வாளெடுத்து வெட்டிக்கிட்டாங்க. அத ஏன் பூட்டல?"

"அது... அது ஆகம விசயம்."

"டிராகன் கேம்ல ஏது சார் ஆகமம்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ராஜராஜனின் பொட்டுக்குக் கீழே ஒரு சுருக்கம் விழுந்தது. மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"நான் ஒரு வழி சொல்றேன். ஒங்க பள்ளத்தாள எங்க பெருங்கோவிலுக்குள்ளயே கொண்டாந்து வெச்சிக்கலாம். வெளிப்பிரகாரத்துல, மதில் ஓரமா, செருப்பு விடுற பக்கம் எடம் கெடக்கு. கோபுரமும் ஆச்சி, சாமியும் ஆச்சி. ஓட்டு மட்டும், நம்ம கோவில் குடிங்கற மொறையில, நம்ம பக்கம். என்ன சொல்ற?"

இதற்குத்தான் இவ்வளவும். சுமதிக்குக் கை பரபரத்தது. அந்த நேரத்தில் கையில் ஊசி இல்லாதது ராஜராஜனின் அதிர்ஷ்டம்.

"செருப்பு விடுற எடத்துல ஒங்க ஓட்ட வெச்சிக்குங்க" என்றாள். "எங்க சாமி அணைஞ்சே போனாலும் அங்க வந்து ஒக்கார மாட்டா. அணைச்சது யாருன்னு நாங்க சொல்லிக்கிட்டே இருப்போம். ஒங்களுக்கு அந்த டாய்லெட்டுலகூட நிம்மதியா ஒக்கார முடியாது."

"ஏய், மரியாத!" என்று முன்வரிசை பாதி எழுந்தது. வீரமணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அக்காவின் பக்கத்தில் வந்து நின்றான். கூட்டம் அமைதிக் கூட்டங்கள் வழக்கமாகப் போய்ச் சேரும் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் முத்தமிழ்செல்வன் வாயைத் திறந்தார். அவர் சண்டையைக் கவனிக்கவில்லை. சாப்பாடு வருவதற்குள் ஓட்டைப் போட்டுவிடலாம் என்று போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என்னண்ணே இது? ஓட்டுப் போட வுட மாட்டேங்குது. 'இக்கோவில் முத்திரையிடப்பட்டுள்ளது'ங்குது."

"நீ வேற எங்கயாவது அமுக்கியிருப்ப. நம்ம பெருங்கோவில்ல போயி போடு."

"நான் எதுக்குப் பெருங்கோவிலுக்குப் போறேன்? நான் நம்ம ஐயனாரு கோவில் குடில்ல?"

மைக் இறங்கியது. ராஜராஜன் முகத்தைச் சுமதி கூர்ந்து பார்த்தாள். பரிசோதனை முடிவு மோசமாக வந்திருப்பதை ஆளிடம் சொல்லும்போது அந்த ஆளுக்கு வருகிற முகம்.

நடந்தது இதுதான். விளையாட்டில் சேர்ந்த புதிதில், பங்காளிகள் எல்லோரும் யாரும் சொல்லாமலே ஒரு காரியம் செய்திருந்தார்கள். தங்கள் குலதெய்வத்தை, கூரை ஏற்காத ஐயனாரை, கோட்டைக்குள் அப்படியே படைத்து, அங்கேயே குடியாகப் பதிந்துகொண்டார்கள். நிஜத்தில் அந்த ஐயனாருக்குக் கூரை ஆகாது. முன்னொரு காலத்தில் யாரோ தகரம் போட்டு, அது காற்றில் பறந்து, போட்டவர் வீட்டு மாடு செத்துப்போனதாகப் பேச்சு. அன்றிலிருந்து வெயிலோ மழையோ அவர் வெட்டவெளியில் குதிரைமேல்தான். ஆகவே கோட்டைக்குள்ளும் கூரை இல்லை, கோபுரம் இல்லை. ராஜராஜன் மட்டும் தர்மகர்த்தா பட்டத்துக்கு ஆசைப்பட்டுப் பெருங்கோவிலுக்கு என்றைக்கோ குடி மாறியிருந்தார். பங்காளிகளும் தம் பின்னாலேயே வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். பின்னால் திரும்பிப் பார்க்கிற வழக்கம் மன்னர்களுக்கு இல்லை.

"நம்ம ஐயனாருக்கா பூட்டு?" பிச்சைமுத்து மெதுவாக எழுந்தார். "டேய், யாருடா பூட்டுனது?"

 எல்லோரும் மைக் வைத்திருந்தவரைப் பார்த்தார்கள்.

"சித்தப்பா, இது சும்மா கேமுதான்..."

"கேமுன்னா? நெய் ஊத்தி எரியுற வெளக்குய்யா அது! சாயங்காலத்துக்குள்ள ஏத்தலன்னா சாமி போயிருமாமே, செல்வம் சொல்றான்!"

"சித்தப்பா, ஒரு நிமிசத்துல முடிச்சிரலாம். ஐயனாருக்கு ஒரு கோபுரத்த வெச்சிருவோம். கோபுரத்துக்கு அரசன் அனுமதிதான் வேணும், அத நான் குடுத்துர்றேன். பட்டன அமுக்குனா வந்துரும்."

"கோபுரமா? அவருக்கா? வாயக் கழுவுடா. என் பேரன் காலேஜுக்குப் பைக்குல போறான். நான் அமுக்க மாட்டேன். எவன் அமுக்குறானோ அவன் குடும்பம் பாத்துக்கட்டும்."

எவனும் அமுக்க முன்வரவில்லை. ஓட்டுப் போட வந்தவர்கள் எல்லாம் விரலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

"சரி, அப்பன்னா குடி மாறிக்கங்க. பெருங்கோவிலுக்கு வாங்க. நான்தானே தர்மகர்த்தா, ஒடனே ஒத்துக்கறேன்."

"குலதெய்வத்த வுட்டுட்டு வேற கோவிலுக்குக் குடி மாறுறதா?" என்றார் முத்தமிழ்செல்வன். அவருக்கு நிஜமாகவே கோபம். "பொம்பளப் புள்ளைங்கதான் கண்ணாலம் கட்டி மாறிப் போவும். நாங்க என்ன ஒங்களுக்கு வாக்கப்பட்டா வர்றோம்?"

"அந்தப் பொண்ணு சாமி போனா போவட்டும்" என்றார் இன்னொரு பங்காளி. "நம்முது மட்டும் வுடச் சொல்லு."

"திருத்த முடியாதுடா! முழுசாத்தான் வாபஸ் வாங்கணும்!"

"அப்ப வாங்கு!"

"வாங்குனா அவங்க ஓட்டும் வந்துரும்டா!"

அவ்வளவுதான்.  வானத்தை நோக்கி நீண்ட கையும், ஒழுங்கும், வரைமுறையும், அமைதியும் அந்த ஒரு வாக்கியத்தில் தரையில் சிந்திக் கிடந்தன. சொன்னவருக்கே தெரிந்துவிட்டது. மைக் இன்னும் அணைக்கப்படாமல் இருந்ததால் கீழே டைல்ஸ் பார்க்க வந்தவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

சுமதி உட்கார்ந்தாள். துணி உறை போட்ட நாற்காலி ஒன்று காலியாக இருந்தது, அதில் உட்கார்ந்தாள்.

"பொறுமையா முடிவு பண்ணுங்க சார்" என்றாள். "எங்க சாமி பூட்டுக்குப் பழக்கப்பட்டவதான். ஒங்க ஐயனாருக்குத்தான் புதுசு."

ஜன்னலில் வெயில் சாயத் தொடங்கியது. சாப்பாடு வந்தது. யாரும் தொடவில்லை என்று எழுத ஆசைதான். வீரமணி மட்டும் இரண்டு முறை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டான். பங்காளிகள் தங்கள் மன்னரைச் சுற்றி நெருக்கமாக நின்றுகொண்டு குரல் தாழ்த்திப் பேசினார்கள். மாடு செத்த கதை இன்னும் இரண்டு தடவை வந்தது. ராஜராஜனின் மனைவியிடமிருந்து போன் வந்தது; எடுத்தவர் முகம் வெளுத்தது. குலதெய்வத்துக்குப் பூட்டுப் போட்ட செய்தி உடையார்பாளையம் வரை போய்விட்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கோட்டை முழுக்க முரசு ஒலித்தது.

"சிறுதெய்வங்கள்பால் கொண்ட பெருங்கருணையாலும், தாய்மார்களின் கண்ணீரைக் காணப் பொறாத இளகிய மனத்தாலும், மாமன்னர் தமது ஆணையை மனமுவந்து திரும்பப் பெறுகிறார். — பூபதி."

"எவ கண்ணீரு வுட்டா?" என்றாள் சுமதி, போனைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு. விளக்கை ஏற்றினாள். கறுத்த கல்லின்மேல் வெளிச்சம் விழுந்தது. இரண்டு தோளும் தெரிந்தன. ஐயனார் குதிரைக்கு முன்னாலும் ஒரு சுடர் எழுந்தது. பிச்சைமுத்து போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வராததே கோபமாக இருந்தது.

ஓட்டு எண்ணி முடிந்தபோது வீரமணி அரசன். திரும்புகிற பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து புது மன்னர் கால் ஆட்டினார்.

"அக்கா, எனக்கு ஒரு ஆணை இருக்குல்ல? அந்த ஐயனாருக்கு ஒரு பூட்டுப் போட்டுப் பாப்பமா? ஒரு நாளு. சும்மா."

வேண்டாம் என்று சுமதி உடனே சொல்லிவிடவில்லை. அந்த யோசனை நாக்கில் வெல்லம் போல இனித்தது. குன்னம் தாண்டும் வரை அதைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் குதிரக்காரரு நம்மள என்ன பண்ணாரு?" என்றாள் கடைசியில். "அவன் ஒக்காந்துருந்தானே, அதுக்கு வேணா பூட்டுப் போடு."

மறுநாள் ஐந்தாம் கோட்டையில் முதல் ஆணை வந்தது: அரசர்கள் கழிப்பறைமேல் அமர்ந்து ஆட்சி செய்யத் தடை. அதற்கு விழுந்த சிரிப்பு ஒரு வாரம் ஓடியது. சுமதி சிரிக்கவில்லை. அவளுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. நியாயம் கேட்டபோது திறக்காத பூட்டு, கெஞ்சியிருந்தாலும் திறந்திருக்காத பூட்டு, அவர்கள் சாமியும் அதே பூட்டுக்குள் இருந்ததால் ஒரு மத்தியானத்தில் திறந்துவிட்டது. அவ்வளவுதான் விசயம். ஊரில் இரண்டு வருசமாகத் திறக்காததற்கும் அதுதான் காரணம். அங்கே உள்ளே இருப்பது நம் சாமி மட்டும்.

அடுத்த சமாதானக் கூட்டத்துக்கு வழக்கம்போல அழைப்பு வந்தபோது, வழக்கமாகக் கொண்டுபோகிற 'கோவிலைத் திறந்துவிடுங்கள்' மனுவை அவள் எடுத்துப் போகவில்லை. புதிதாக ஒன்று எழுதி, கீழத்தெருவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினாள். அம்மாவையும் கூட்டிப் போனாள்.

அதே அதிகாரி. மேலத்தெருக்காரர்கள் நாற்காலியில். அவர்கள் மாரியம்மனுக்கு அடுத்த மாதம் தேர், பந்தக்கால்கூட நட்டாயிற்று. அதிகாரி மனுவைப் படித்தார். திரும்பப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா இது? ஊர்ல உள்ள எல்லாக் கோவிலையும் பூட்டச் சொல்லியிருக்க?"

"ஆமாங்க சார். அமைதிக்குத்தானே பூட்டுறது? ஒரு கோவிலப் பூட்டுனதுக்கே இவ்வளவு அமைதி வந்துருச்சி. எல்லாத்தையும் பூட்டுனா இன்னும் வரும். மாரியம்மன்லருந்து ஆரம்பிங்க. தேருல கூட்டம் சேரும், சண்டை வந்தா யாரு பொறுப்பு?"

நாற்காலிகள் பின்னால் விழுந்தன. "என்ன திமிரு பாத்தீங்களா சார்" என்றது ஒரு குரல். "எங்காத்தாளப் பூட்டுறதா, கை வெச்சிப் பாக்கட்டும்" என்றது இன்னொன்று. சுமதி அசையவில்லை.

"நாங்க ஒங்க சாமிக்கு எதிரி இல்லங்க" என்று அவர்களைப் பார்த்துக் கைகூப்பினாள். "அமைதிதான் முக்கியம்."

அதிகாரி மேசையைத் தட்டினார். எல்லோரையும் உட்காரச் சொன்னார். பிறகு சுமதி பக்கம் குனிந்து, வீட்டுப் பிள்ளையிடம் பேசுகிற குரலில், நிஜமான கவலையோடு சொன்னார்:

"நீ படிச்ச பொண்ணு, ஒனக்குத் தெரியாதாம்மா? சாமிய எல்லாம் அப்புடி அடைச்சி வெக்கக் கூடாது. சாமி குத்தம் ஆயிரும்."

யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால், பின்னால் தரையில் உட்கார்ந்திருந்த ஆண்டாயி கையூன்றி எழுந்தாள்.

"அப்ப ரெண்டு வருசமா உள்ள கெடக்கறது என்னங்கய்யா?" என்றாள். "மூட்டையா?"

அதிகாரி தண்ணீர் கேட்டார். கொண்டுவர யாரும் எழுந்து போகவில்லை.